பொத்தானை அழுத்தினால் போதுமா?

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

நம் கல்லூரி வளாகத்து வேப்ப மரங்களின் கீழ் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைச் சற்றே உற்று நோக்குங்கள். அவற்றுள் பெரும்பாலானவை நமக்கு முன்னால் ஒருவரோ இருவரோ ஓட்டித் தேய்த்தவை. மக்காச்சோளம் விற்ற பணத்தில் பாதி, சின்ன வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டின் மிச்சம், அம்மாவின் குழுக் கடன் என்று சேர்த்துச் சேர்த்து வாங்கப்பட்டவை. செந்துறைப் பக்கத்திலிருந்தும் குன்னம், வேப்பூர்ப் பக்கத்திலிருந்தும் காலைப் பேருந்தைத் தவறவிட்டால் முதல் இரண்டு பாடவேளைகளையும் மறந்துவிட வேண்டியதுதான் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, அந்தப் பழைய வண்டி ஆடம்பரம் அன்று. வருகைப் பதிவேட்டில் அவர்களைக் காப்பாற்றும் துணை.

அப்படிப்பட்ட வண்டி ஒருநாள் காலையில் கிளம்ப மறுக்கிறது. பொத்தானை அழுத்தினால் "டிக்" என்கிறது. மேற்கொண்டு ஒன்றும் இல்லை. நாம் என்ன செய்கிறோம்? வியர்க்க வியர்க்கப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். அங்கே "செல்ஃப் போச்சு தம்பி" என்று தீர்ப்பு வருகிறது. பாட்டரி மாறுகிறது. மறு மாதம் மோட்டார் மாறுகிறது. அதற்கடுத்த மாதம் தந்தையாரின் முகம் மாறுகிறது.

சோதித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. அந்தச் சோதனைக்கு வேண்டிய அறிவு முழுவதும் நமக்குப் பிளஸ் டூவிலேயே கற்பிக்கப்பட்டுவிட்டது. அதைத் தேர்வுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வண்டி நிறுத்துமிடத்துக்கு வருகிறோம்.

என் வகுப்புத் தோழர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் செய்தி விளங்கும். அவருடையது ஏழாண்டு ஓடிய 125 சி.சி. வண்டி. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் செல்ஃப் எடுக்கவில்லை. புதிய பாட்டரி போட்டார்கள். பத்து நாள் அருமையாக எடுத்தது. பிறகு பழையபடி ஆயிற்று. செல்ஃப் மோட்டாரையே மாற்றினார்கள். கொஞ்ச நாள் எடுத்தது, மீண்டும் மௌனம். ரிலேயையும் மாற்றிய பின்னர், வேறோர் ஊரில், வேறொரு பெரியவர், எஞ்சினில் எர்த் கம்பி பிடிக்கும் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். அதன் அடியில் துருவும் பெயிண்டும் மண்ணும் ஏடேடாகப் படிந்திருந்தன. உப்புத்தாள் கொண்டு தேய்த்து, இறுக முடுக்கி, மேலே சிறிது வாஸ்லின் தடவினார். கால் மணி நேர வேலை. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வண்டி ஒரே அழுத்தலில் கிளம்புகிறது. கழற்றி எறிந்த மூன்று பொருள்களுமே நல்ல பொருள்கள்!

அப்படியானால் பாட்டரி மாற்றியதும் பத்து நாள் எடுத்தது எப்படி என்று கேட்கலாம். நல்ல கேள்வி. புதிய பாட்டரி தன் முழு வலிமையால் அந்தத் துருவைத் தாண்டி மோட்டாரைச் சுழற்றிவிட்டது. வலிமை சற்றுக் குறைந்ததும் துரு வென்றுவிட்டது. பழுது அங்கேயே இருந்தது. புதுப்பொருள் அதை மறைத்தது. பழைய வண்டிகளில் ஏமாற்றம் பெரும்பாலும் இவ்வாறே வருகிறது.

இதைச் சொல்வதனால் மெக்கானிக்குகள்மீது குற்றம் சுமத்துவதாக எண்ண வேண்டா. காலை எட்டு மணிக்கு வாசலில் ஆறு வண்டிகள் நிற்கும்போது ஒரு மனிதர் அரை மணி நேரம் மீட்டரும் கையுமாக உட்கார்ந்து சோதித்து, "ஒன்றுமில்லை, போல்ட் துருப்பிடித்திருந்தது, இருநூறு ரூபாய் கொடு" என்றால் நாம் கொடுப்போமா? "என்னத்தை மாத்தினீங்க?" என்றல்லவா கேட்போம்! பெட்டியில் வந்த பொருளைக் கண்ணால் கண்டால்தான் நமக்குப் பணம் கொடுக்க மனம் வருகிறது. அறிவுக்குக் கூலி இல்லை என்று நாமே விதித்துவிட்டு, அவர்கள் பொருளையே விற்கிறார்கள் என்று குறைகூறுவது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பொத்தானுக்கு ஒரு வரலாறு உண்டு. கைப்பிடி சுழற்றிக் கார் எஞ்சினைக் கிளப்பிய காலத்தில், எஞ்சின் எதிர்த்து உதைத்துக் கையை முறித்த விபத்துகள் ஏராளம். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1911-இல் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. நம் நாட்டு இருசக்கர வண்டிகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில் பொத்தான் இருந்தது. 1985-இல் வந்து நாடெங்கும் பரவிய ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ஐ உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். பஜாஜ் சேத்தக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, பிறகு நிமிர்த்தி உதைக்கும் காட்சியை நம் பேராசிரியர்களுள் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், செய்தும் இருப்பார்கள்.

அக்காலத்தில் பாட்டரி செத்தாலும் கால் இருந்தது. இன்று பல வண்டிகளில் கிக்கரே இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் எலெக்ட்ரானிக் முறைக்கு மாறிவிட்டன. பாட்டரி அடியோடு இறங்கிவிட்டால் இவற்றில் பல, இரண்டாம் கியரில் போட்டு நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் கிளம்பா. பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் வேண்டுமே! ஆகவே நம் தந்தையர் காலத்தைவிட நம் காலத்தில்தான் இந்தச் சின்னஞ்சிறு மோட்டாரைப் பற்றிய அறிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அதன் அமைப்பு கடினமானதன்று. இரண்டு சுற்றுகள். ஒன்று சிறியது: சாவி, பியூஸ், பொத்தான், கிளட்ச் சுவிட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச் வழியாக ஒரு சிறு மின்னோட்டம் ரிலேயின் சுருளுக்குச் செல்கிறது. சுருள் காந்தமாகிறது, "டிக்" என்று ஒரு செப்புத் தகட்டை இழுக்கிறது. உடனே பெரிய சுற்று இணைகிறது: பாட்டரியிலிருந்து ரிலே வழியாக மோட்டாருக்கும், மோட்டாரின் கார்பன் பிரஷ் வழியாக எஞ்சின் உடம்புக்கும், எஞ்சினிலிருந்து எர்த் கம்பி வழியாக மீண்டும் பாட்டரிக்கும் பெருமின்னோட்டம் பாய்கிறது. வேலைக்காரன் கதவைத் திறக்க யானை நுழைவது போல என்று வைத்துக்கொள்ளலாம். கதவு திறக்கவில்லையா, யானை வரவில்லையா என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அதற்குக் காதே போதும்.

பொத்தானை அழுத்தினால் எவ்வித ஓசையும் இல்லை. ஹாரன் மட்டும் நன்றாக ஒலிக்கிறது. அப்படியானால் பழுது சிறிய சுற்றில். முதலில் சிவப்பு நிறுத்துச் சுவிட்சைப் பாருங்கள். (வகுப்பு நேரத்தில் யாரேனும் நண்பர் அதைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். நம் கல்லூரியில் இது ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது.) பிறகு சைடு ஸ்டாண்டு, நியூட்ரல், கிளட்ச் பிடி, பியூஸ். கிளட்ச் பிடியின் அடியில் உள்ள சிறு சுவிட்ச் தேய்ந்து போவது பழைய வண்டிகளில் சர்வ சாதாரணம். "டிக் டிக் டிக் டிக்" என்று தையல் இயந்திரம் போல விடாமல் அடித்தால், ரிலே பிடிக்கிறது, பிடித்ததும் மின்னழுத்தம் சரிகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது என்று பொருள். பாட்டரி இறங்கியிருக்கலாம், அதன் முனைகள் தளர்ந்திருக்கலாம். ஒரே ஒரு "டிக்" மட்டும் கேட்டால் ரிலேயின் உள்தகடு கருகியிருக்கலாம். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அல்லது என் தோழருக்கு நேர்ந்தது போல எர்த் கெட்டிருக்கலாம். மோட்டார் மட்டும் "உய்ங்" என்று தனியே சுழன்று எஞ்சின் அசையவில்லையென்றால், பாட்டரியைத் தொடவே வேண்டா. ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது, அது மெக்கானிக்கின் வேலை. எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் அது செல்ஃபின் குற்றமே அன்று. பிளக்கையோ பெட்ரோலையோ பாருங்கள்.

இனி நம் பாடநூலுக்கு வருவோம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியை உறக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்போம். மின்னழுத்தம் என்பது மின்னோட்டம் பெருக்கல் மின்தடை. சரி, துருப்பிடித்த எர்த் போல்ட்டில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். முகப்பு விளக்கு 35 வாட். 12 வோல்ட்டில் அது இழுப்பது ஏறக்குறைய 3 ஆம்பியர். போல்ட்டில் இழப்பு 0.3 வோல்ட். விளக்கு மங்கியது நம் கண்ணுக்கே தெரியாது. "லைட்டு பளிச்சென்று எரிகிறதே, பாட்டரியும் வயரும் நன்றாகத்தானே இருக்கின்றன" என்போம். ஆனால் செல்ஃப் மோட்டார் எஞ்சினைப் புரட்ட 40 ஆம்பியர் கேட்கிறது என்று வையுங்கள். அதே போல்ட்டில் 4 வோல்ட் பறிபோகிறது! பன்னிரண்டில் நான்கு போனால் மோட்டார் எப்படிச் சுழலும்? விளக்குக்கு நல்லவனாகத் தெரிகிற அதே இணைப்பு செல்ஃபுக்குப் பகைவனாகிறது. அந்த இடத்தில் வெப்பமாக வீணாவது 40 × 40 × 0.1, அதாவது 160 வாட். நாலைந்து முறை அழுத்திய பிறகு ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால், எது சுடுகிறதோ அதுவே திருடன். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதன் இரகசியம் இதுதான். ஓம் என்ற பெயரை அவர்கள் கேள்விப்படாதிருக்கலாம். விதி அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் புதிய பாட்டரியின் விலையில் சிறு பங்குதான். விடுதி அறைக்கு ஒன்று போதும். ஆனால் அதில் ஓம் பக்கம் திருப்பி அந்த 0.1 ஓமைத் தேடுவது வீண் வேலை. மீட்டரின் கம்பிகளுக்கே அவ்வளவு தடை உண்டு. பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். வண்டியை வெட்டவெளியில் நியூட்ரலில் நிறுத்தி, மீட்டரை வோல்ட் பக்கம் வைத்து, முதலில் பாட்டரியைப் பாருங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் 12.6-ஐ ஒட்டிக் காட்டினால் நிறைந்த பாட்டரி. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் பட்டினி. அடுத்து, பொத்தானை அழுத்திக்கொண்டே பாருங்கள். 10-க்குக் கீழே வெகுவாகச் சரிந்தால் பாட்டரி தளர்ந்துவிட்டது. சரியாமல் 12-ஐ ஒட்டியே நின்றும் மோட்டார் சுழலவில்லை என்றால் பாட்டரி நிரபராதி. மின்சாரம் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

வழியைச் சோதிப்பதும் எளிதே. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்மின் முனையிலும், மற்றதை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்து அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் பழுது. பிறகு பாட்டரியின் நேர்மின் முனைக்கும் மோட்டாரில் கம்பி வந்து சேரும் முனைக்கும் இடையே பாருங்கள். அழுத்துமுன் 12 வோல்ட் காட்டும், அஞ்ச வேண்டா. ரிலே திறந்திருப்பதால் அப்படி. அழுத்தியபின் அது ஏறக்குறைய இல்லாமற்போக வேண்டும். "டிக்" என்ற பிறகும் பல வோல்ட் நிற்குமானால் ரிலே கருகியிருக்கிறது அல்லது கம்பி கெட்டிருக்கிறது. இரு வழிகளும் சரி, பாட்டரியும் சரி, அப்படியும் சுழலவில்லை என்றால்தான் மோட்டாரைக் கழற்ற நியாயம் உண்டு. அப்போதும் முழு மோட்டார் வேண்டியிராது. கார்பன் பிரஷ் மட்டும் மாற்றினால் பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். கடைசியாக, வண்டி கிளம்பியதும் ஆக்சிலேட்டரைச் சற்றே முறுக்கிப் பாட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வரவில்லையென்றால் எத்தனை பாட்டரி வாங்கினாலும் ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதைதான்.

எச்சரிக்கைகள் சில. ஐந்து விநாடிக்கு மேல் பொத்தானைப் பிடித்திருக்கக் கூடாது; மோட்டார் சூடாகிவிடும், சற்று ஆறவிட வேண்டும். கோபத்தில் பத்து முறை, முறைக்கு ஐந்து விநாடி அழுத்தினால் 40 ஆம்பியர் கணக்கில் 2000 ஆம்பியர்-விநாடி, அதாவது அரை ஆம்பியர்-மணிக்கு மேல் செலவாகிறது. பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே பல வண்டிகளில் 4 ஆம்பியர்-மணிதான். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்மின் கம்பியை முதலில் கழற்றி, பூட்டும்போது கடைசியில் பூட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை ரிலேயின் இரு போல்ட்டுகளுக்கும் குறுக்கே வைத்துப் பொறி பறக்கச் செய்யும் வித்தையைப் பெட்ரோல் டாங்கின் அடியில் மாணவர்கள் செய்ய வேண்டியதில்லை.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. அரியலூரைச் சுற்றிக் கல்லங்குறிச்சி, ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் எனச் சுண்ணாம்புக் கல் லாரிகள் ஓடாத சாலை இல்லை. ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியில் படிந்த சுண்ணாம்பு இன்று சிமெண்டாகி ஊர் ஊராய்ப் போகிறது. போகிற வழியில் நம் வண்டிகளின்மேலும் ஒரு படலம் படிகிறது. காய்ந்த தூசி பெருங்கேடு செய்வதில்லை. ஐப்பசி மழையில் அது நனைந்து போல்ட்டின் இடுக்கில் அப்பிக்கொண்டால் ஈரத்தை விடாமல் பிடித்துத் துருவை வளர்க்கிறது. மழைக்காலம் முடிந்ததும் பாட்டரியின் இரு முனைகள், எர்த் போல்ட், ரிலேயின் இரு போல்ட்டுகள் ஆகிய ஐந்தையும் கழற்றித் தேய்த்துப் பூட்டுவதைப் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பது போல வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

பருவ விடுமுறைக்குப்பின் வண்டி எடுக்காததற்கு வேறொரு காரணம் உண்டு. பழைய உடைமையாளர் ஆசையாகப் பூட்டிய திருட்டு அலாரம், நீல விளக்கு, மொபைல் சார்ஜர் முதலியவை சாவியை எடுத்த பின்னும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். 20 மில்லி ஆம்பியர் கசிவு என்பது காதில் விழக்கூட அற்பமான அளவு. ஒரு வாரத்தில் அது 3.36 ஆம்பியர்-மணி. 4 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்?

வாங்கும் நாளிலேயே விழித்துக்கொள்பவர் பாக்கியசாலி. பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் எஞ்சினின்மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னரே யாரோ கிளப்பி ஓட்டிவைத்திருக்கிறார்கள். "காலையில் வருகிறேன், நான் வந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். "செல்ஃப் மட்டும் சின்ன வேலை இருக்கு தம்பி, பாட்டரி போட்டா சரியாயிடும்" என்பவரிடம், "நீங்களே போட்டுக் கொடுங்கள் அண்ணே, அந்தப் பணத்தையும் சேர்த்தே தருகிறேன்" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பதிலில் உண்மை வெளிப்பட்டுவிடும்.

பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசிவிட்டு ஜி. டி. நாயுடுவைச் சொல்லாமல் விடுவது தகாது. 1893-இல் கோவைக்கு அருகிலுள்ள கலங்கலில் பிறந்த அவர், பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளின்மேல் ஆசை கொண்டு, கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது அதை முழுக்கப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டியதுதான்! 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டதும், 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதும் அதற்குப் பின்னால் வந்தவை. பட்டம் பெறப் போகும் நாம் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் பிடிக்கக் கூசுகிறோம்.

"இது கலைக் கல்லூரியா, ஐ.டி.ஐ.யா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஐ.டி.ஐ. மாணவர் இதைத் தொழிலாகக் கற்கிறார். நாம் அவருக்குப் போட்டியாகப் பட்டறை வைக்கப் போவதில்லை. அவரிடம் வண்டியை விடும்போது, "அண்ணே, எர்த் பக்கம் ஒன்றரை வோல்ட் இறங்குது, அதை மட்டும் பாருங்க; சோதனைக் கூலி தனியாகத் தருகிறேன்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். தமிழ் படிப்பவருக்கும் வரலாறு படிப்பவருக்கும் வண்டி உண்டு. ஸ்கூட்டரில் வரும் மாணவியர்க்கு மாலை ஆறு மணிக்குத் தனிச் சாலையில் வண்டி நின்றால் காதால் கேட்டுப் பழுதைப் பிரித்தறிவது எத்துணைப் பெரிய துணிவு!

ஆகவே துறைத் தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகல் இயற்பியல் ஆய்வகத்தை எல்லாத் துறை மாணவர்க்கும் திறந்துவிட வேண்டும். மேசைமேல் ஒரு 12 வோல்ட் பாட்டரி, ஒரு ரிலே, பிரித்து வைத்த ஒரு செல்ஃப் மோட்டார், வேண்டுமென்றே துருப்பிடிக்கவிட்ட ஒரு போல்ட். ஊரிலுள்ள மூத்த மெக்கானிக் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, சால்வையோடு நிறுத்தாமல் மதிப்பூதியமும் தர வேண்டும். மோட்டாரும் ரிலேயும் பழைய இரும்புக் கடையில் எடைக்கே கிடைக்கும். அவற்றை நான் கொண்டுவந்து தருகிறேன். பாட்டரியைக் கடையில் வாங்கும்போது மட்டும் பழையதைக் கையோடு கொடுத்துவிட வேண்டும். அதற்குரிய விலையைக் கழித்துக்கொள்வார்கள். உள்ளிருக்கும் ஈயம் கொல்லைப்புறத்தில் உடைபட்டு மண்ணில் கலக்காமல் இருக்கும்.